வேலரன்ட்ல சேவ் பண்றீங்க, சம்பளத்துல ஃபோர்ஸ் பை பண்றீங்க: கூரம் சொல்ற 25 பங்கு கணக்கு

போன வாரம் சேனல்ல போட்ட வீடியோவுக்கு கீழ நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க. "அண்ணா, வேலை முடிஞ்சு வந்து ரெண்டு மணி நேரம் வேலரன்ட் ஆடுறேன். அதுல செலவு பண்றது தப்பா?" வீடியோவுல அவசரமா சொன்னதை இங்க கணக்கோட எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடறேன். கேம் ஆடாதீங்கன்னு சொல்ற பதிவு இது இல்லை. நானும் ஆடுறவன்தான்.

கேமே கத்துக்கொடுக்கிற பாடம்

ஆடாதவங்களுக்காக சுருக்கமா. வேலரன்ட் 2020 ஜூன் 2-ல வந்த பிசி கேம். அஞ்சு பேருக்கு அஞ்சு பேர். துப்பாக்கிச் சண்டை, அரை நொடி தாமதிச்சா ஆள் காலி. எந்த டீம் முதல்ல 13 ரவுண்ட் ஜெயிக்குதோ அதுக்கு மேட்ச். டவுன்லோட் பண்ண பைசா கிடையாது.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் துப்பாக்கியை நீங்க காசு கொடுத்து வாங்கணும். இந்தக் காசுக்குப் பேர் கிரெடிட்ஸ். முதல் ரவுண்ட்ல எல்லாருக்கும் 800. ஜெயிச்சா 3,000 வரும். தோத்தா 1,900, தொடர்ந்து ரெண்டாவது தடவை தோத்தா 2,400, அதுக்கு அப்புறம் 2,900. வேண்டல் துப்பாக்கி 2,900, முழு ஷீல்டு 1,000. ஆக ஒழுங்கா சண்டை போட குறைஞ்சது 3,900 வேணும்.

இப்ப கணக்கைப் பாருங்க. முதல் ரவுண்ட்ல 800-ஐயும் செலவு பண்ணி தோத்துட்டீங்க. கையில 1,900. ரெண்டு வழி இருக்கு.

ஒன்னு, பொறுமை இல்லாம 1,600-க்கு ஸ்பெக்டர் வாங்கறது. மறுபடி தோத்தா மிச்சம் 300, வரவு 2,400, மொத்தம் 2,700. வேண்டலுக்கே 200 குறையுது. நடுவுல ஒருத்தரைச் சுட்டிருந்தா 200 சேரும், துப்பாக்கி வரும், ஷீல்டு வராது.

ரெண்டாவது, அந்த ரவுண்ட் ஒன்னும் வாங்காம விடறது. தோத்தாலும் 1,900 கூட 2,400 சேர்ந்து 4,300. வேண்டல், முழு ஷீல்டு எல்லாம் வாங்கி 400 மிச்சமும் இருக்கும்.

முதல் வழிக்குப் பேர் ஃபோர்ஸ் பை. ரெண்டாவதுக்குப் பேர் ஈகோ ரவுண்ட். டீம்ல ஒருத்தன் ஃபோர்ஸ் பை பண்ணா மைக்ல கத்துறோம். "டேய், சேவ் பண்ணுடா!" சரி. அதே ஆள் சம்பளம் வந்த மூணாம் நாள் என்ன பண்றான்?

நம்ம ஊர்ப் பக்கம் தறி இருக்கிற வீட்ல பிறந்தவங்களுக்கு ஈகோ ரவுண்ட் புதுசே இல்லை. ஒரு பாவு நெய்து முடிச்சு, அடுத்த பாவு வந்து பிணைக்கிற வரைக்கும் தறி சும்மாதான் நிக்கும். அந்த நாளுக்குக் கூலி கிடையாது. அதனால புடவைக்கூலி கைக்கு வந்த அன்னைக்கே அம்மா அரிசி டப்பாவுல கொஞ்சம் போட்டு வைப்பாங்க. மாசாமாசம் சம்பளம் வர்ற நமக்குத்தான் அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு.

கேமுக்குள்ள ரெண்டு காசு

கிரெடிட்ஸ் பாதி ஆட்டம் முடிஞ்சதும் அழிஞ்சுடும், மறுபடி 800-ல ஆரம்பம். அதனால நம்ம பாக்கெட்டுக்கு சேதம் இல்லை. இன்னொரு காசு இருக்கு: வேலரன்ட் பாயின்ட்ஸ், சுருக்கமா விபி. இது உங்க யுபிஐ-ல இருந்து போறது.

விபி எதுக்கு? பெரும்பாலும் துப்பாக்கிக்கு ஸ்கின் வாங்க. ஸ்கின் போட்டா சத்தமும் நிறமும் மாறும். குண்டோட பலம் ஒரு புள்ளி கூட ஏறாது.

பிரீமியம் வகை ஸ்கின் ஒன்னு 1,775 விபி. அந்த வகை பண்டில் 7,100 விபி. எவ்வளவு மொத்தமா வாங்கறீங்கங்கறதைப் பொறுத்து விலை மாறும், நம்ம கணக்குக்கு ஒரு விபி 80 காசுன்னு வச்சுக்கலாம். ஒரு ஸ்கின் 1,420 ரூபாய். ஒரு பண்டில் 5,680 ரூபாய். "7,100 பாயின்ட்" ங்கறப்ப வலிக்காது. "5,680 ரூபாய்" னு சொன்னா விரல் நிக்கும். ரூபாயை பாயின்டா மாத்தறதோட வேலையே அதுதான்.

இன்னும் ரெண்டு விஷயம் கவனிங்க. விபி பேக் அளவும் ஸ்கின் விலையும் அநேகமா ஒத்துப்போகாது. கொஞ்சம் மிச்சம் நிக்கும், அதைத் தீர்க்க இன்னொரு பேக் வாங்கத் தோணும். அடுத்து, கடையில தினம் நாலு ஸ்கின்தான் காட்டுவாங்க, 24 மணி நேரத்துல மாறிடும். "இப்ப விட்டா போயிடும்" ங்கற பயம்தான் அங்க விற்பனையாளர்.

ஸ்கின் ஒரு முதலீடா?

"அண்ணா, கவுன்டர் ஸ்ட்ரைக்ல ஸ்கின்னை விக்கலாமே, அது அசெட்தானே?" இதையும் கேட்டிருந்தீங்க.

வேலரன்ட்ல வாங்கின ஸ்கின்னை யாருக்கும் விக்க முடியாது. அக்கவுன்ட்டை விக்கறதும் விதிக்கு எதிர். கவுன்டர் ஸ்ட்ரைக்ல 2013 ஆகஸ்ட்ல இருந்து ஸ்கின் இருக்கு, சந்தையும் இருக்கு. ஸ்டீம் மார்க்கெட்ல வித்தா விலையில சுமார் 15 சதவீதம் கட்டணமாப் போகும். மிச்சம் ஸ்டீம் வாலட்டுக்குள்ளயே நிக்கும், பேங்குக்கு எடுக்க முடியாது. வெளித் தளங்கள்ல விக்கறவங்க ஏமாறுற ஆபத்தையும் சேர்த்தே வாங்கறாங்க.

2025 அக்டோபர் 22-ல என்ன நடந்துச்சு? அந்த கேமோட கம்பெனி வால்வ் ஒரு அப்டேட் விட்டாங்க. அஞ்சு சிவப்பு ரக ஸ்கின்னைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ மாத்திக்கலாம்னு விதி மாறுச்சு. அதுவரைக்கும் கத்தி அபூர்வம், அதனாலதான் அந்த விலை. ஒரு ராத்திரியில அபூர்வம் போச்சு. விலையைக் கண்காணிக்கிற தளங்களோட மதிப்பீட்டுல கிட்டத்தட்ட 200 கோடி டாலர் காணாம போச்சு. பங்குச்சந்தையில ஏதாவது நடந்தா புகார் கொடுக்க செபி இருக்கு. இங்க சரக்கை உண்டாக்கறவனும் விதியை எழுதறவனும் ஒரே ஆள். ஸ்கின் பிடிச்சா வாங்குங்க. செலவுன்னு எழுதுங்க, முதலீடுன்னு எழுதாதீங்க.

ஸ்கின்னைப் பந்தயம் வைக்கிற தளங்கள் பக்கமே போகாதீங்க. பணம் வச்சு ஆடற ஆன்லைன் விளையாட்டை 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை பண்ணிடுச்சு. இ-ஸ்போர்ட்ஸ் தனி, அதுக்கு அதே சட்டத்துல அங்கீகாரம் இருக்கு.

"அப்ப நான் ப்ரோ ஆகறேன்" னா, இதையும் பாருங்க. வேலரன்ட்டோட பசிபிக் லீக் 2023-ல ஆரம்பிச்சப்ப இடம் கிடைச்ச ஒரே இந்திய அமைப்பு மும்பையோட குளோபல் இ-ஸ்போர்ட்ஸ். அந்த டீம்ல கூட அஞ்சு பேரும் இந்தியர் இல்லை. வேலையை விட்டுட்டுப் போற அளவுக்கு அங்க இடம் இல்லை.

லேப்டாப் இஎம்ஐ

வேலரன்ட்டுக்காக 90,000 ரூபாய் லேப்டாப்பை இஎம்ஐ-ல எடுக்கறவங்க நிறைய. 4 ஜிபி ராம், இன்டெல் ஹெச்டி 4000 கிராபிக்ஸ் போதும்னு குறைந்தபட்ச தேவையில கேம் கம்பெனியே போட்டிருக்கு. செகண்ட் ஹேண்ட் வாங்கறீங்கன்னா ஒன்னு மட்டும் செக் பண்ணுங்க: விண்டோஸ் 11-ல இந்த கேம் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ரெண்டும் இருக்கணும். "நோ காஸ்ட் இஎம்ஐ" னாலும் பிராசஸிங் ஃபீஸ், வட்டிப் பகுதி மேல ஜிஎஸ்டி ரெண்டும் பில்லுல வரும், படிச்சுப் பாருங்க. கார்டு பில்லை முழுசா கட்டாம விட்டா மாசம் 3 முதல் 4 சதவீதம் வட்டி. அது ஃபோர்ஸ் பை-யோட அண்ணன்.

என் கதை

இதை எழுத எனக்கு ஏன் உரிமைன்னு கேட்டா, 2022 தீபாவளி. எனக்கு கையில வர்ற சம்பளம் 19,000. போனஸ் வந்துச்சு, அதுல ஒரு பண்டில் வாங்கினேன். போதாம கிரெடிட் கார்டுல மானிட்டர், ஹெட்செட். லிமிட் கிட்டத்தட்ட காலி.

மூணு வாரத்துல அம்மாவுக்கு ராத்திரி வயித்து வலி. ஆஸ்பத்திரியில 18,000 முன்பணம் கேட்டாங்க. என் அக்கவுன்ட்ல 2,300 இருந்துச்சு. நான் கார்டைத் தேய்ச்சேன், எடுக்கலை. அப்பா ஒரு வார்த்தை பேசலை. செருப்பைப் போட்டுக்கிட்டு ராத்திரி 11 மணிக்கு தறி முதலாளி வீட்டுக்குப் போனார். முன்பணம் வாங்கிட்டு வந்தார்.

அம்மா நல்லா ஆயிட்டாங்க. ஆனா அந்த முன்பணம் கூலியில கழிஞ்சு தீர அஞ்சு மாசம் ஆச்சு. நடுவுல இன்னொரு இடத்துல புடவைக்கு 500 ரூபாய் அதிகம் தர்றதா சொன்னாங்க. கடன் தீராம அப்பாவால தறியை மாத்த முடியலை. என் துப்பாக்கி மின்ன, அவர் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

கூரத்துச் செப்பேட்டுல ஒரு பட்ஜெட்

காஞ்சிபுரம் பக்கத்துல எங்க கூரம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர்னு பல பேருக்குத் தெரியும். இங்க கிடைச்ச ஒரு செப்பேடு இருக்கு, முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. ஒரு கிராமத்து வருமானத்தை எப்படிப் பிரிக்கணும்னு அதுல எழுதியிருக்கு. மொத்தம் 25 பங்கு. கோயில் பூஜைக்கும் பழுது பார்க்கவும் தனியா பங்கு. கூரம் மண்டபத்துக்குத் தண்ணிக்கும் நெருப்புக்கும் ஒரு பங்கு. மண்டபத்துல உட்கார்ந்து பாரதம் படிக்க ஒரு பங்கு.

பாரதம் படிக்கிறது அன்னைக்கு பக்தி மட்டும் இல்லை, ஊரே உட்கார்ந்து கேட்கிற கதை, யுத்தம். அதுக்கு ராஜாவே ஒதுக்கினது 25-ல 1, அதாவது 4 சதவீதம். வேண்டாம்னு சொல்லலை. பழுது பார்க்கிற காசுல கை வைக்கவும் விடலை.

உங்க கைக்கு 25,000 வருதுன்னு வைங்க. ஒரு பங்கு 1,000 ரூபாய்.

வீட்டுக்கு 9 பங்கு.
பஸ், சாப்பாடு, துணி, சொந்தச் செலவு 5 பங்கு.
தண்ணி, நெருப்பு: கரண்ட், நெட், ரீசார்ஜுக்கு 1 பங்கு.
பழுது பார்க்க 4 பங்கு. இதுல 3 அவசர நிதிக்கு, 1 மருத்துவ, டேர்ம் காப்பீட்டுக்கு.
நாளைக்கு 5 பங்கு: ஆர்டி, எஸ்ஐபி, பிபிஎஃப், உங்களுக்குப் புரியறது எதுவோ அது.
பாரதம் 1 பங்கு: கேம், சினிமா, ஓடிடி எல்லாம் இதுக்குள்ளயே.

சம்பளம் 18,000-ன்னா ஒரு பங்கு 720. வீட்டுல கடன் இருந்தா "நாளைக்கு" பங்குல இருந்து முதல்ல கடனை அடைங்க. எண்ணிக்கையை உங்க வீட்டுக்கு ஏத்தபடி மாத்துங்க. ஒரு விதியை மட்டும் மாத்தாதீங்க: சம்பளம் வந்த அன்னைக்கே பிரிச்சுடணும். பழுது பங்கை ஏடிஎம் கார்டு இல்லாத தனி அக்கவுன்ட்டுக்கு ஆட்டோ டிரான்ஸ்ஃபர் போடுங்க. பாரதப் பங்கை ஒரு சின்ன யுபிஐ வாலட்ல போடுங்க, தீர்ந்தா அந்த மாசம் ஈகோ ரவுண்ட். கேம் கடையில கார்டு நம்பரை சேவ் பண்ணி வைக்காதீங்க.

1,420 ரூபாய் ஸ்கின் வேணுமா? ரெண்டு மாசம் பாரதப் பங்கைச் சேருங்க. ரெண்டு மாசம் கழிச்சும் பிடிச்சிருந்தா தாராளமா வாங்குங்க. எனக்கு பாதி ஸ்கின் அதுக்குள்ள மறந்தே போச்சு.

அவசர நிதி மாசம் 3,000. ஆறு மாசம் போட்டா 18,000. அந்த ராத்திரி ஆஸ்பத்திரியில கேட்ட அதே தொகை. ஆறு மாசம் நான் சேவ் பண்ணியிருந்தா அப்பா அன்னைக்கு செருப்பைப் போட்டிருக்க வேண்டாம்.

இந்த மாசம் சம்பளம் வந்ததும் 25-ஆல வகுத்துப் பாருங்க. உங்க ஒரு பங்கு எவ்வளவுன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல அவசர நிதியை எங்க வைக்கறதுன்னு பார்ப்போம்.