பழைய தராசு வாங்கும் புதுக் கடைக்காரருக்கு



புதிதாக மளிகைக் கடை வைப்பவருக்கு அட்வான்ஸ், அலமாரி, முதல் சரக்கு என்றே கைப்பணம் கரைந்துவிடும். மிச்சம் பிடிக்க நினைப்பது கடைசியில் தராசில்தான். "கடையை மூடுகிறார்கள், எலக்ட்ரானிக் தராசு பாதி விலைக்கு வருகிறது" என்று கேள்விப்பட்டதும் போய்த் தூக்கி வந்துவிடுகிறோம். பழையது வாங்குவது தவறல்ல. பார்க்காமல் வாங்குவதே தவறு.

கணக்குப் பாருங்கள். கிலோவுக்கு 10 கிராம் கூடுதலாகப் போனால், நாளொன்றுக்கு 100 கிலோ நிறுக்கும் கடையில் தினம் ஒரு கிலோ நஷ்டம். 300 நாளில் 300 கிலோ. குறைவாகப் போனாலோ, போவது வாடிக்கையாளர் நம்பிக்கை. அதற்கு விலையே கிடையாது.

முதலில் தராசின் பெயர்த் தகட்டைப் படியுங்கள். வரிசை எண்ணும், 'ஐ.என்.டி.' என்று தொடங்கும் மாதிரி ஒப்புதல் எண்ணும் இருக்க வேண்டும். தகடு இல்லாத தராசு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அதிக அளவு 30 கிலோ, பிரிவு 5 கிராம் என்றிருந்தால், குறைந்த அளவு 100 கிராம். அதில் 50 கிராம் ஏலக்காயோ மிளகோ நிறுக்கக் கூடாது. அதற்கு 10 கிலோ, ஒரு கிராம் பிரிவுள்ள தராசு வேண்டும். அதன் குறைந்த அளவு 20 கிராம்.

அடுத்து முத்திரையையும் சீலையும் பாருங்கள். சீல் அறுந்திருந்தால் உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சரிபார்ப்புச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணும் தகட்டிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

பிறகு சோதனை. முத்திரை புதுப்பித்த எடைக்கற்களைத் தெரிந்த கடையிலிருந்து வாங்கிச் செல்லுங்கள். உப்புப் பாக்கெட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். தராசைச் சமமான இடத்தில் வைத்துச் சிறிது நேரம் ஓட விடுங்கள். கல்லை எடுத்ததும் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் லோடு செல் அடிபட்டிருக்கலாம். ஒரே கல்லை ஐந்தாறு முறை வைத்தாலும் ஒரே எடைதான் காட்ட வேண்டும். அதிக அளவில் மூன்றில் ஒரு பங்கு எடையை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வையுங்கள். எலி கடித்த வயர், உப்பு அரித்த அடிப்பாகம், சார்ஜ் நிற்காத பேட்டரி ஆகியவற்றையும் கவனியுங்கள்.

மூலைச் சோதனையின் அருமை நமக்குப் பட்டறிவு. மண்டி தொடங்கிய புதிதில் பழைய மேடைத் தராசு ஒன்று வாங்கினோம். நடுவில் வைத்தால் சரியாக இருந்தது. மூட்டை ஓரமாக அமர்ந்தால் 200 கிராம் குறைத்துக் காட்டியது. சரக்கு கொண்டுவந்த விவசாயி ஒருவர் மூட்டையை நகர்த்தி வைக்கச் சொன்ன பிறகே தெரிந்தது. அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. கொடைக்கானலில் சரிசெய்த எலக்ட்ரானிக் தராசைத் திண்டுக்கல்லுக்கு இறக்கினால் 10 கிலோவில் சில கிராம் கூடுதலாகக் காட்டும். உயரம் குறையக் குறைய பூமியின் ஈர்ப்பு சற்றுக் கூடுவதே காரணம். மேலே கொண்டுபோனால் இதற்கு நேர்மாறு. ஆகவே இடம் மாறிய தராசை மீண்டும் சரிசெய்தே ஆக வேண்டும்.

எடையளவுச் சட்டம் 2009, 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், கைத்தராசு, எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை இட வேண்டும். பழுதுபார்த்தால் காலக்கெடு முடியும்வரை காத்திராமல், மறுமுத்திரை இட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். பழுதுபார்ப்பவரும், தராசு விற்பதைத் தொழிலாகச் செய்பவரும் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும்.

எனவே வரிசை எண் குறித்த பில் வாங்குங்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை பெற்றுச் சான்றிதழைக் கடையில் மாட்டுங்கள். இந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்து, புதிய தராசின் விலையை நெருங்கினால் புதியதையே வாங்குங்கள்.

நம் சொல்லுக்கு முன்னால் வாடிக்கையாளர் பார்ப்பது தராசைத்தான். அது நேராக இருந்தால் வியாபாரமும் நேராக நடக்கும்.