சவுக்கங் கொப்பு வீட்டுக்கு வரும்வரை

மார்கழி மாதம் பிறந்து இரண்டு கிழமை போனால், எங்கள் கரையோரக் கிராமங்களில் பிள்ளைகள் கேட்கத் தொடங்கும் முதற் கேள்வி, "எப்பம்மா மரம் வைக்கிறது?" என்பதுதான். புது உடுப்பும் கேக்கும் பலகாரமும் அதற்குப் பிறகு. கேட்பது சின்னக் கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்லவேண்டியவள், கணவனை இழந்தோ தொலைத்தோ தனியே குடும்பத்தைக் கொண்டுநடத்தும் ஒரு பெண்ணாக இருந்தால், அந்தக் கேள்விக்குள் எத்தனையோ கேள்விகள் அடங்கிக்கிடக்கின்றன. வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு கதைக்கிற வேலையில் இருப்பவள் என்றபடியால், மார்கழி மாதத்தில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நத்தார் மரம் எங்கள் மண்ணில் பிறந்த வழக்கமல்ல. ஜேர்மனியில் 16ஆம் நூற்றாண்டளவில் வீடுகளுக்குள் ஊசியிலை மரத்தை வைத்து அலங்கரிக்கும் பழக்கம் இருந்தது. பிரித்தானியாவின் விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேட் ஜேர்மனியர். அவர்களது குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த பிறகு, இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளிலும் இது பரவியது. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கும் அப்படியே போனது. கத்தோலிக்க மக்களுக்குப் பாலன் குடில்தான் பழைய வழக்கம். புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சியோவில் 1223இல் குடில் அமைத்தார். வத்திக்கான் சதுக்கத்தில் பெரிய மரம் வைக்கப்பட்டதோ 1982இல்தான். ஆகவே "மரம் வைக்காவிட்டால் நத்தாரே இல்லை" என்று ஏங்குகிற பிள்ளைக்கு, வைக்கோலும் நாலு தடியும் ஒரு களிமண் பாலனும் போதும் என்று சொல்லலாம். சொல்லிப் பாருங்கள், பிள்ளை கேட்காது!

பனி பெய்யாத ஊரில், ஊசியிலை மரமும் இல்லாத ஊரில், எங்கள் முன்னோர் கண்டுபிடித்த மாற்றுத்தான் சவுக்கு. தூரத்தில் பார்த்தால் பைன் மரம் போலவே இருக்கும். உண்மையில் இரண்டுக்கும் உறவில்லை. சவுக்கின் 'இலை' என்று நாம் நினைப்பது பச்சைநிற மெல்லிய கிளைகள். உப்புக் காற்றையும் மணலையும் தாங்கி வளரும் என்பதால் மணற்காடு போன்ற இடங்களில் காற்றைத் தடுப்பதற்கென்றே சவுக்கங்காடு வளர்த்திருக்கிறார்கள். காரைநகர்க் கடற்கரைக்குக் கசூரினா என்ற பேரே இந்த மரத்தால் வந்ததுதான்.

நான் வளர்ந்தது வன்னியில். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் குடும்பம் அங்கே போனது. மின்சாரம் இல்லை, மெழுகுதிரியும் இலேசில் கிடையாது. பால்மாப் பெட்டிக்குள் இருந்த வெள்ளித்தாளை வெட்டி நட்சத்திரம் செய்வோம். முட்டையில் சின்னத் துளையிட்டு உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, கோதுக்குச் சிவப்புச் சாயம் பூசித் தொங்கவிடுவோம். சவுக்குக் கிடைக்காத வருடம் ஏதாவது காட்டுக் கொப்பு. எந்த வருடமும் கொப்பை வெட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவது ஐயாவின் வேலை. முகட்டில் ஏறி நட்சத்திரக் கூடு கட்டுவது அண்ணாவின் வேலை. அம்மா குசினியில் நிற்பார். இந்த வேலைப் பிரிவினையை அப்போது யாரும் யோசித்ததில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோதுதான், வீட்டில் எது ஆண் வேலை, எது பெண் வேலை என்பது பண்டிகை நாட்களில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது என்று எனக்குப் பட்டது.

யுத்தத்திற்குப் பிறகு அந்த ஏறுகிற, வெட்டுகிற, கட்டுகிற ஆட்கள் இல்லாத வீடுகள் எத்தனை! அயலில் உள்ள தம்பி ஒருவரைக் கூப்பிட்டால் வந்து செய்து கொடுப்பார்தான். ஆனால் வேலை முடிந்து வந்து அவர் உதவுவது பொழுதுபட்ட பிறகு. "அவளின்ரை வீட்டில இருட்டினாப் பிறகும் ஆம்பிளைச் சத்தம் கேட்டது" என்று மறுநாள் கிணற்றடியில் கதை வரும். அந்தக் கதைக்குப் பயந்து மரமே வேண்டாம் என்று விட்ட பெண்களை எனக்குத் தெரியும். சகோதரிகளே, இது மரத்தின் பிரச்சினையா?

ஒரு கிராமத்தில் மூன்று பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பகல் வேளையில் மூவரும் சேர்ந்து போனார்கள். சவுக்கு நிற்கும் காணிக்காரரிடம் கேட்டு, அடியில் உள்ள பக்கக் கொப்புகளாகப் பார்த்து, விறகு வெட்டும் கத்தியால் வெட்டி, ஒரு துவிச்சக்கர வண்டியில் மூன்று கொப்பையும் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வனத் திணைக்களத்தின் சவுக்கங்காட்டில் அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம் என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். நீங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கொப்பை நிறுத்துவது இன்னொரு பாடு. நுனி பாரமாக இருப்பதால் சரியும். பழைய பெயின்ற் வாளியில் முதலில் நாலைந்து கல்லை இறுக்கி, பிறகு ஈர மணலைப் போட்டுக் குத்தி, தினமும் ஒரு பேணி தண்ணீர் விட்டால் பச்சை சில நாளைக்கு நிற்கும். மேல் நுனியைத் தங்கூசி நூலால் வளையில் கட்டிவிட்டால் பூனை பாய்ந்தாலும் விழாது. மார்கழி மழைக்குக் கூரை ஒழுகும் மூலை எது என்று பார்த்துத்தான் இடம் தெரிய வேண்டும். பனி என்று சொல்லிப் பஞ்சை ஒட்டுகிறவர்கள், அதன் பக்கத்தில் மெழுகுதிரி வைக்கவே கூடாது. காய்ந்த சவுக்கும் பஞ்சும் சேர்ந்தால் பற்றுவதற்கு நேரம் எடுக்காது. கிடுகு வீடென்றால் சொல்லத் தேவையில்லை. மின்குமிழ் மாலை போடுகிறவர்கள் அறுந்த வயரை வெறும் ஒட்டுநாடாவால் சுற்றி ஈர நிலத்தில் விடாதீர்கள். மலிவான மாலையில் ஒரு குமிழ் போனால் முழு மாலையும் அணைந்துவிடும். அதைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு தட்டுப் பலகாரம் சுட்டுவிடலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பட்டணத்துக் கடைகளில் பிளாஸ்ரிக் மரம் இருக்கிறது. ஒருமுறை வாங்கினால் பல வருடம் பாவிக்கலாம் என்பது உண்மை. ஆனால் நுண்கடன் தவணை வாராவாரம் வாசலில் வந்து நிற்கிற வீட்டில், கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பல நாட் சம்பளம் அது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் என்று 2018இல் அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு அந்தச் சுமை பெரிதாக இருந்தது. கொழும்பு காலிமுகத்திடலில் 2016இல் 236 அடி உயரத்தில் உலக சாதனைக்கென்று செயற்கை மரம் கட்டினார்கள். அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்று கத்தோலிக்கப் பேராயரே கண்டித்தார். எங்கள் வீட்டுத்திட்ட வீடுகளுக்குள் நாலு அடிக் கொப்பே தாராளம்.

இவை எல்லாம் எப்படியோ சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாத ஒன்றைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு வீடு. கணவர் 2009 மே மாதத்தில் காணாமற் போனவர். அப்போது மகள் கைக்குழந்தை. அந்த வருட நத்தார் மெனிக்பாம் முகாமில் தறப்பாளுக்குள் கழிந்தது. வீட்டில் மூன்று பேர்: அந்த அக்கா, மகள், கணவரின் தாய். பத்து வருடமாக அங்கே மரம் வைத்ததில்லை. எங்கள் வழக்கப்படி சாவு நடந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை இல்லை. ஆண்டுப் பூசை முடிந்தால் துக்கம் கழியும், அடுத்த நத்தாருக்கு மரம் வரும். காணாமற் போனவருக்கு ஆண்டுப் பூசை எந்தத் தேதியில்? செத்தார் என்று நினைத்துப் பூசை கொடுக்க அந்தத் தாய் சம்மதிக்கவில்லை. நலமாகத் திரும்பவேண்டும் என்றே ஒவ்வொரு வருடமும் கருத்துக் கொடுத்தார். துக்கம் தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்னாம் யுத்தத்தில் காணாமற் போன விமானிகளின் மனைவிமாரோடு கதைத்து, இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இருந்த தாய்மாருக்கு அந்தப் பெயர் தேவையில்லை. அதை வாழ்ந்தவர்கள் அவர்கள்.

2018 மார்கழியில் நான் அங்கே போனபோது மகளுக்குப் பத்து வயது. பாடசாலை ஒளிவிழாவில் செய்த கடதாசி நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதை எங்க மிஸ் கட்டுறது? எங்கட வீட்டில மரமில்லை" என்றாள்.

அப்பம்மா திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "பிள்ளை, நீ படிச்சனி. சொல்லு பாப்பம். அவன் வரேல்லை. மரம் வைச்சா ஊர் என்ன சொல்லும்? பெத்தவளே மறந்திட்டாள் எண்டுதானே?"

அந்த அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் இல்லை. ஊர் சொல்லப்போவது மாமியை அல்ல, தன்னை என்று அவருக்குத் தெரியும்.

ஆலோசனை சொல்வது சுலபம். மறக்கவும் வேண்டாம், வாழவும் வேண்டும் என்று பயிற்சிப் பட்டறையில் எழுதித் தந்ததைச் சொல்லலாம். நான் சொல்லவில்லை. மகன் சின்ன வயதில் மரம் வைப்பாரா என்று மட்டும் அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகன் கொப்பு வெட்டப்போய் விழுந்து முழங்கால் கிழித்துக்கொண்டு வந்த கதையைச் சொன்னார். கொப்பை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தானாம். அப்பம்மாவிடம் இந்தக் கதையை அந்தப் பிள்ளை அதுவரை கேட்டதேயில்லை. காணாமற் போன நாளைப் பற்றி அந்த வீட்டில் ஆயிரம் தடவை கதைத்திருப்பார்கள், ஆணைக்குழுவுக்கும் அலுவலகங்களுக்கும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர் சிறுபிள்ளையாக இருந்ததை யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் அவர்கள் மரம் வைத்தார்களா என்றால், வைத்தார்கள், 24ஆம் திகதி பின்னேரம். அக்காவே வெட்டிக்கொண்டு வந்தார். அப்பம்மா ஒரு நிபந்தனை போட்டார்: மரம் வாசலுக்குத் தெரியக்கூடாது, உள் அறையில், மகனின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். படத்துக்கு மாலை கிடையாது, விளக்கும் கிடையாது. அவை செத்தவர்களுக்கு. நட்சத்திரம் மரத்தின் உச்சியில்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மரம் 25ஆம் திகதி இரவே கழற்றப்பட வேண்டும். மூன்று இராசாக்கள் திருநாள்வரை, தை 6ஆம் திகதிவரை, வைத்திருப்பதுதான் வழக்கம். ஆனால் 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்தபோது அந்தக் கரையில் வீடுகளுக்குள் மரங்கள் நின்றன. தண்ணீர் வற்றியபின் சேற்றுக்குள் மினுக்கல் தாளோடு கிடந்த கொப்புகளைக் கண்டவர் அந்த அம்மா. 26ஆம் திகதி விடியும்போது வீட்டுக்குள் மரம் நிற்பதை அவரால் பார்க்க முடியாது. பிள்ளை அழுதாள். பிறகு ஒத்துக்கொண்டாள்.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வந்த 2019 நத்தாரை அந்த வீட்டில் ஆரவாரமில்லாமல் பூசையோடு முடித்துக்கொண்டார்கள். ஆனால் கொப்பு வந்தது, அதே அறைக்கு. கழற்றிய சவுக்கை அடுப்படியில் சாத்தி வைத்துக் காயவிடுவார்கள். நன்றாகப் பிடிக்கும், மழைக்கால விறகுக்கு மூட்டக் கொள்ளி வேண்டுமே. நட்சத்திரத்தை மட்டும் அந்தப் பிள்ளை பிஸ்கற் பேணிக்குள் போட்டு, அப்பம்மாவின் ரங்குப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.