பக்கம் ஏன் நகர்ந்தது?

ஒரு புத்தகத்தை விரித்துப் பாருங்கள். எழுத்துகளைச் சுற்றி நாற்புறமும் வெள்ளை இடம் விடப்பட்டிருக்கும். படிக்கும்போது அதை நாம் கவனிப்பதே இல்லை. ஆனால் இடது ஓரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? தைத்துக் கட்டும்போது ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் மடிப்புக்குள் புகுந்துவிடும். பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வேடாக இருந்தாலும், அச்சிட்டுக் கட்டிய பிறகு அதைத் திருத்த வழியில்லை.

முன்பு அச்சுக்கோப்பவர் மரக்கட்டைகளையும் ஈயத் துண்டுகளையும் வைத்து இந்த வெள்ளை இடத்தை அமைத்தார். இன்று அந்த வேலையைக் கணிப்பொறி செய்கிறது. கட்டை நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறிக்குள் ஓர் எண் பிசகினால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத்தான் இங்கே காண்போம்.

டெக்கும் லாடெக்கும்

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு குனூத், தம் நூல் ஒன்றின் புதிய பதிப்புக்காக வந்த மெய்ப்பைப் பார்த்தார். பழைய ஈய அச்சின் அழகு அதில் இல்லை. மனம் ஒப்பாத அவர், எழுத்துக் கோப்பதற்கான மென்பொருளைத் தாமே உருவாக்கத் தொடங்கினார். அதுதான் ‘டெக்’. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் அதன்மேல் ‘லாடெக்’ என்னும் எளிய அமைப்பைக் கட்டினார். கணிதம், இயற்பியல் துறைகளில் ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் இன்றும் அதைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள்.

லாடெக்கில் ஆசிரியர், ‘இது தலைப்பு, இது பத்தி’ என்று மட்டும் குறித்துக்கொண்டு எழுதுவார். தலைப்பு எத்தனை பெரிதாக இருக்க வேண்டும், ஓரம் எவ்வளவு என்ற விதிகள் தனிக் கோப்பில் இருக்கும். அதற்கு ‘ஆவண வகுப்பு’ என்று பெயர். ஆயத்தமான வகுப்புகள் பல உண்டு. ஆனால் ஒரு கல்லூரியோ இதழோ தனக்கென்று விதிகள் வைத்திருந்தால், வகுப்பைப் புதிதாக எழுத நேரும். பிசகுகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

பக்கம் ஒரு கூட்டல் கணக்கு

இடது ஓரம், வரியின் அகலம், வலது ஓரம் மூன்றையும் கூட்டினால் காகிதத்தின் அகலம் வர வேண்டும். ஏ4 காகிதத்தின் அகலம் 210 மில்லிமீட்டர். இடது ஓரம் 40, வரி 145, வலது ஓரம் 25 என்று வைத்தால் கணக்கு நேராகிறது.

ஆனால் லாடெக்கின் தொடக்கப் புள்ளி காகிதத்தின் மூலை அல்ல. இடது விளிம்பிலிருந்து ஓர் அங்குலம், மேல் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி இருக்கும் புள்ளியே அதற்குச் சுழி. ஆகவே 40 மில்லிமீட்டர் ஓரம் வேண்டுமானால், 25.4ஐக் கழித்து 14.6 என்றுதான் கொடுக்க வேண்டும். இதை மறந்து 40 என்றே கொடுத்தால் ஓரம் 65.4 ஆகிவிடும். வரி 210.4 மில்லிமீட்டரில் முடியும். அதாவது காகிதத்துக்கு வெளியே!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தத் தவற்றுக்கு மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. வரி தனக்குரிய அகலத்துக்குள் அடங்குகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. அந்த வரி காகிதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அளவுகோலை எடுங்கள்

வெர்னியர் அளவியில் சுழிப் பிழை பார்ப்பது மாணவர்களுக்குப் பழக்கமானது. அளவி எப்போதும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டினால் அது சுழிப் பிழை. அளக்கும் பொருள் நீள நீளப் பிழையும் வளர்ந்தால், அளவுகோலின் பிரிவுகளே தவறு. பக்கத்துக்கும் இதே சோதனை பொருந்தும்.

முதலில் பக்கத்தில் 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றை வரையச் செய்து, அச்சிட்டு அளந்து பாருங்கள். 97 என்று வந்தால் உங்கள் வகுப்பில் குற்றமில்லை. ‘காகிதத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பினால் அச்சுப்பொறி பக்கத்தைச் சுருக்கியிருக்கிறது. சரியாக 100 வந்தால், பிழை பெரும்பாலும் வகுப்பிலோ காகித அளவிலோ இருக்கும்.

அடுத்து, ஓரம் எவ்வளவு பிசகுகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் கைரேகை போன்றது. பல வேளைகளில் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

25.4 மில்லிமீட்டர் வந்தால், சற்றுமுன் கண்ட அங்குலம் மறந்து போயிருக்கிறது.

வலது ஓரம் 5.9 குறைந்து, கீழ் ஓரம் 17.6 கூடியிருந்தால், காகிதம் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் வழங்கும் ‘லெட்டர்’ காகிதம் 215.9க்கு 279.4 மில்லிமீட்டர், ஏ4 காகிதம் 210க்கு 297. இவற்றின் வேறுபாடே அந்த இரண்டு எண்கள். வகுப்பு லெட்டர் காகிதத்துக்குக் கணக்குப் போட, பிடிஎஃப் கோப்பு ஏ4 அளவில் உருவாகியிருக்கும். வகுப்பு அறிந்த காகித அளவும் பிடிஎஃப் கோப்பின் காகித அளவும் தனித்தனி எண்கள். இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒற்றைப்படைப் பக்கங்கள் சரியாக இருந்து இரட்டைப்படைப் பக்கங்கள் மட்டும் நகர்ந்தால், இருபக்க அச்சுக்குரிய இரண்டு ஓர அளவுகளில் ஒன்றை மட்டும் நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள்.

‘கணிப்பொறி கொஞ்சம் முன்பின் வைத்திருக்கும்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. டெக் ஒரு பாயிண்டை 65,536 கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. 72.27 பாயிண்ட் ஓர் அங்குலம். ஆகவே ஒரு கூறு ஏறத்தாழ 5.4 நானோமீட்டர், பச்சை ஒளியின் அலைநீளத்தில் நூறில் ஒரு பங்கு! கண்ணுக்குத் தெரியும் எந்தப் பிசகுக்கும் காரணம் ஒன்று கட்டாயம் இருக்கும்.

வரிக்குள் வரும் பிசகு

வரி தன் அகலத்தை மீறினால் லாடெக் வாய் திறக்கும். பதிவுக் கோப்பில் ‘ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்’ என்று எச்சரித்து, எத்தனை பாயிண்ட் மீறியது என்றும் சொல்லும். பலர் இதைப் படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஆயத்தக் கட்டுரை வகுப்பில், 10 பாயிண்ட் எழுத்தில், பத்தியின் முதல் வரி 15 பாயிண்ட் உள்ளே தள்ளித் தொடங்கும். வரியின் முழு அகலமுள்ள படத்தைப் பத்தித் தொடக்கத்தில் வைத்தால், அதுவும் 15 பாயிண்ட் தள்ளப்பட்டு வலப்புறம் நீட்டிக்கொண்டு நிற்கும். பதிவுக் கோப்பில் 15.0 என்று இருக்கும். உள்தள்ளலை நிறுத்தும் கட்டளை ஒன்றே போதும்.

அட்டவணையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இருபுறமும் 6 பாயிண்ட் இடம் உண்டு. முழு அகலத்துக்கு ஒரே நெடுவரிசை வைத்தால் மீறுவது 12. சரி, 27.0 என்று வந்தால்? 15ஐயும் 12ஐயும் கூட்டிப் பாருங்கள். இரண்டு குற்றவாளிகளும் சேர்ந்து வந்திருக்கிறார்கள்!

இன்னொரு மறைமுகப் பகைவன் உண்டு. வகுப்புக் கோப்பில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமிடத்தை டெக் ஒரு சொல்லிடைவெளியாக எடுத்துக்கொள்ளும். வரியின் முடிவில் சதவீதக் குறி இட்டால்தான் அது மறையும். குறியை விட்டுவிட்டால், டெக்கின் வழக்கமான 10 பாயிண்ட் எழுத்தில் தலைப்போ படமோ சுமார் 3.33 பாயிண்ட் தள்ளி நிற்பதுண்டு.

எண் அடையாளம் காட்டாவிட்டால்

அப்போது பாதியாக வெட்டிப் பாருங்கள். வகுப்புக் கோப்பின் பிரதி ஒன்றில், பின்பாதியைச் செயலிழக்கச் செய்து ஓட்டுங்கள். பிசகு மறைந்தால் அது பின்பாதியில் இருக்கிறது, மறையாவிட்டால் முன்பாதியில். ஐயமுள்ள பகுதியை மீண்டும் பாதியாக்குங்கள். 2ஐப் பத்து முறை பெருக்கினால் 1,024. ஆகவே ஆயிரம் வரிக் கோப்பிலும் ஏறக்குறையப் பத்தே சோதனைகளில் குற்றமுள்ள வரியை நெருங்கிவிடலாம். ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற ஆய்வுக்கூட விதியை மறவாதீர்கள்.

வரிசையையும் பாருங்கள். ஒரே அளவை இருவர் குறிப்பிட்டால் கடைசியாகச் சொன்னவர் சொல்லே நிற்கும். உங்கள் வகுப்பு வைத்த ஓரத்தைப் பின்னால் வரும் துணைத்தொகுப்பு ஒன்று மாற்றிவிடலாம். ஆவணம் தொடங்கிய பிறகு உரையின் அகலத்தை மாற்றினாலோ, வரிகள் பழைய அகலத்திலேயே ஓடும். தொடக்கத்திலேயே அந்த எண் படியெடுக்கப்பட்டு விடுகிறது.

‘ஜியோமெட்ரி’ என்னும் துணைத்தொகுப்பு இந்தக் கூட்டல் கழித்தலைத் தானே செய்து, பிடிஎஃப் காகித அளவையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஓரங்களைக் கோடிட்டுக் காட்டும் வசதியும் அதில் உண்டு. அதைப் பயன்படுத்தினாலும், முழு நூலையும் அச்சுக்கு அனுப்புமுன் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை அச்சிட்டு அளந்து பாருங்கள். அந்த இரண்டு தாள்களின் செலவில் கட்டிய ஆய்வேடு முழுவதும் காப்பாற்றப்படும்.