இல்லத் தொழிலுக்கு ஏற்ற கணினித் திரை

வீட்டிலிருந்தே கைத்தொழில் செய்து பொருளீட்டும் வழக்கம் வன்னி நிலத்துக்குப் புதியதன்று. பாயிழைத்தலும், மிளகாய் இடித்து விற்றலும், தையலும் பல தலைமுறையாக நடந்து வந்தவையே. அவற்றோடு கணினித் தொழிலும் இப்பொழுது சேர்ந்துகொண்டது. விண்ணப்பம் தட்டச்சுச் செய்தல், திருமண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் வடிவமைத்தல், கடைகளுக்குக் கணக்கெழுதல், கடவுச்சீட்டுக்குரிய படங்களைத் திருத்தி அச்சிடல் என்பன பரந்தனிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. இத்தொழிலில் இறங்க எண்ணும் பழைய மாணவர் எம்மிடம் கேட்பதெல்லாம் எந்தக் கணினி வாங்கலாம் என்பதே. எந்தத் திரை வாங்கலாம் என்று கேட்பார் அரியர். கணினி பழையதாயினும் தட்டச்சு வேலை நடந்துவிடும். திரை பொருந்தாதாயின் கண்ணும் கெடும், வேலையும் பிழைபடும். ஆதலின் திரை பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எம் நாட்டுக்கு மின்சாரம் வந்த கதையையும் இவ்விடத்திற் சிறிது கூறல் வேண்டும். 1990களில் வன்னிப் பெருநிலப்பரப்பிற் பொது மின்வழங்கல் இல்லை. எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்திற் சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்டவர் நம்மிடையே இன்றும் உளர். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் கிளிநொச்சியிற் கணினி வகுப்புகள் தோன்றியபோதும் அவை மின்பிறப்பாக்கியின் தயவிலேயே நடந்தன. அக்காலத்துக் குழாய்த் திரை ஒன்று ஏறத்தாழ 80 வாற்று மின்னை விழுங்கும். இக்காலத்து 22 அல்லது 24 அங்குலத் தட்டைத் திரைக்கு 20 வாற்று அளவே போதும். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், மாதம் முப்பது நாள் என்று கணக்கிட்டால், முன்னையது 19 அலகுக்கு மேற் செலவிடும். பின்னையது ஐந்து அலகையும் எட்டாது. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்புடையது. சில அலகு கூடினாலே அடுத்த படிக்கு ஏறிவிடும். 2022 ஆகத்து மாதத்தில் நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்புருவரியில் மீண்டும் 66 வீதமும் கட்டணம் உயர்ந்ததை எவர் மறப்பார்? பின்னர் இடையிடையே குறைக்கப்பட்டதும் உண்டு. எனினும், யாரோ இனாமாகத் தருகின்றார் என்று பழைய குழாய்த் திரையை வீட்டுக்குள் ஏற்றுதல் இனாமன்று.

இனித் திரையின் அளவைப் பார்ப்போம். கடைக்காரர் கூறும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்த அளவாகும். 24 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர். உயரம் ஏறக்குறைய 30. ஏ4 தாளின் அளவோ 21க்கு 29.7. எனவே அத்திரையில் இரண்டு தாள்களை ஏறத்தாழ உண்மையளவிலே பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்: இடப்புறம் வந்த மூலப்படி, வலப்புறம் நாம் தட்டச்சிடும் படி. மலிவென்று பலரும் வாங்கும் 18½ அங்குலத் திரையில் இது நடவாது. அதன் உயரம் 23 சென்ரிமீற்றர் மட்டுமே.

அங்குலம் கூடினாற் போதுமா? போதாது. திரையிலுள்ள எழுத்து, படப்புள்ளி எனப்படும் நுண்ணிய ஒளிக்கட்டங்களால் ஆயது. 1920க்கு 1080 என்று கூறப்படும் திரையில், அகலத்தில் 1920 கட்டங்களும் உயரத்தில் 1080 கட்டங்களும் உள. அதே தொகையை 21½ அங்குலத்துள் அடைத்தால் ஓரங்குலத்துக்கு 102 கட்டம் அமையும்; 24 அங்குலத்தில் 92; 27 அங்குலத்தில் 82 மட்டுமே. 1366க்கு 768 கட்டமுடைய 18½ அங்குலத் திரையில் 85. ஆகவே அதே 1920 கட்டமுடைய 27 அங்குலத் திரை, பார்வைக்குப் பெரிதாயினும், எழுத்துக்குக் கரடுமுரடானது. விலை குறைந்தவற்றுள் 22 முதல் 24 அங்குலம் வரை 1920க்கு 1080 கட்டமுள்ள திரையே இல்லத் தொழிலுக்கு நடுவுநிலையானது என்பது எம் துணிபு.

ஆங்கில எழுத்துக்குக் கரட்டுத் திரை ஒருவாறு தாங்கும். தமிழெழுத்துக்குத் தாங்காது. இரண்டு சுழி னகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் உள்ள வேறுபாடு, சிறிய எழுத்தில் ஒரு கட்டம் இரண்டு கட்டத்தில் அடங்கிவிடும். மெய்யின் மேலுள்ள புள்ளியோ, கட்டம் போதாவிடின், கொம்போடு கலந்து மறைந்தே போகும். இது வெறும் அழகு பற்றிய பேச்சன்று. 2009 இல் இடம்பெயர்ந்த மக்களுட் பலர் பிறப்புச் சான்றிதழையும் காணிப் பத்திரத்தையும் இழந்து, பின்னர் நடமாடும் சேவைகளிலும் பிரதேச செயலகங்களிலும் அவற்றைப் புதிதாகப் பெற்றவர்கள். கணேசன் என்பவர் ஒரு பத்திரத்திற் கனேசன் ஆகிவிட்டால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க அவர் எத்தனை நாட் கூலியை இழக்கவேண்டும்! ஒட்டுசுட்டானிலிருந்து அலுவலகத்துக்கு மும்முறை பேருந்தேறியவர்க்கு அதன் அருமை தெரியும். தட்டச்சாளரின் கண்ணுக்குத் தப்பிய ஒரு சுழி, மற்றொருவரின் காணியுரிமைக்குத் தடையாய் நிற்கக்கூடும்.

நிறத்துக்கு வருவோம். ரி.என். வகைத் திரை மலிவானது. ஆயினும் தலையைச் சற்று மேலே கீழே அசைத்தால் நிறம் மாறித் தோன்றும். வி.ஏ. வகையிற் கருமை ஆழமாக இருக்கும். 1996 அளவில் இற்றாச்சி நிறுவனத்தார் முதன்முதல் வெளியிட்ட ஐ.பி.எஸ். வகை, எப்பக்கமிருந்து பார்ப்பினும் நிறம் பெரிதும் மாறாதது. முன்னர் விலை மிகுந்திருந்த இவ்வகை, இப்பொழுது மலிவுத் திரைகளிலும் கிடைக்கின்றது. படந்திருத்துவோர் இதனையே தேர்க. அவர்கள் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு: திரையின் ஒளியை முழுதும் ஏற்றி வைத்துப் படந்திருத்தினால், அச்சில் முகம் கறுத்து விழும், வாடிக்கையாளர் அச்சுப்பொறியைக் குறைகூறுவர். வெள்ளைத்தாள் ஒன்றைத் திரையருகிற் பிடித்து, இரண்டும் ஒத்த வெண்மையாய்த் தோன்றும்வரை ஒளியைக் குறைப்பதே எளிய பரிகாரம். கண்ணுக்கும் அதுவே நன்று. வினாடிக்கு 144 முறை, 165 முறை புதுப்பிக்கும் திரை விளையாட்டுப் பிரியர்க்குரியது; கணக்கெழுதுவோர்க்கு 60 முறை தாராளம்.

பாவித்த திரை வாங்கலாமோ எனின், பார்த்து வாங்கலாம் என்க. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த திரைகள் கொழும்பு வழியாக வவுனியாக் கடைகளுக்கும் வருகின்றன. அவற்றுட் சில உயர்த்தவும் தாழ்த்தவும் நெடுக்காகத் திருப்பவும் கூடிய நல்ல தாங்கியுடையவை. புதிய மலிவுத் திரைகளில் அவ்வசதி அரிது. பின்புறச் சீட்டில் உற்பத்தி ஆண்டு இருக்கும். 2010க்கு முற்பட்டவற்றுட் பெரும்பாலானவை உள்ளே குழல் விளக்குடையவை. அவை நாட்பட மஞ்சளித்து மங்கும். கடையிலேயே முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் திரையில் வரச்செய்து, கறை, கோடு, அணையாப் புள்ளி உளவோவென்று நோக்குக. அரை மணித்தியாலம் எரியவிட்டுப் பார்த்தல் நன்று. கடைக்காரர் முகஞ்சுளித்தாலும் பாதகமில்லை. பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குக; கேட்டவர்க்கு அதனைக் கொடுத்தல் 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. உத்தரவாதம் எங்கே நிறைவேற்றப்படும் என்பதையும் கேட்டறிக. கொழும்பிலே எனின், வவுனியாவிலிருந்தே 250 கிலோமீற்றர் அளவு திரையைச் சுமந்து செல்லவேண்டி வரும்.

இணைப்பு வடத்தில் ஏமாறுவோர் பலர். பழைய கணினியில் 1987 இல் தோன்றிய வி.ஜி.ஏ. துளை மட்டும் இருக்கும். புதிய திரையில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கும். இவற்றை இணைக்க வெறும் வடம் உதவாது. குறியை மாற்றும் கருவி வேண்டும். அலுவலகங்கள் கழித்த சிறு கணினிகளில் டிஸ்பிளேபோட் எனும் துளை இருக்கும். அதிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் வடம் பெரும்பாலும் ஒரு திசையிலேயே வேலை செய்யும். தலைமாற்றிப் பூட்டினால் படம் வாராது. திரை உடைந்த மடிக்கணினி வீட்டிற் கிடந்தால் அதனை எறியவேண்டா. எச்.டி.எம்.ஐ. துளை பழுதின்றி இருப்பின், வெளித்திரை ஒன்றைப் பூட்டி அதுகொண்டே தொழில் தொடங்கலாம்.

மின்னைப் பொறுத்தவரை, பெரும்பாலான திரைகள் 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்பன. ஆதலின் மாலையில் மின்னழுத்தம் தாழ்வதால் அவை கெடுவதில்லை. கெடுப்பது ஐப்பசி கார்த்திகை இடிமின்னலே. வானம் இருண்டவுடன் சுவரிலிருந்து செருகியைக் கழற்றிவிடுதலே உறுதியான காவல். 650 வி.ஏ. அளவான சிறிய யூ.பி.எஸ். ஒன்று, திடீரென மின் நின்றால், எழுதியதைச் சேமித்து அணைக்கப் போதிய நிமிடங்களைத் தரும். மின்மாற்றி வெளியே தனியாக உள்ள திரை எம்மூருக்கு ஏற்றது. இடியிற் போவது பெரும்பாலும் அம்மாற்றியே, திரையன்று. வெப்பமும் கவனிக்கற்பாலது: 40 பாகை வரையே பல திரைகளுக்கு விதிக்கப்பட்ட எல்லை. தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை நண்பகல் அதனை எட்டிவிடும். மாரியிரவில் ஈசல் மொய்க்கும். அதன்பின் பல்லி வரும். பல்லி காற்றுத்துளை வழியே உட்புகுந்தால் மின்தகடு போகும். வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் மூடுக. சூடு ஆறிய பின்னரே மூடுக.

பணம் எங்கிருந்து எனின், கிழமைத் தவணை நுண்கடன் வேண்டா என்போம். அக்கடனில் வன்னிப் பெண்கள் பட்ட இடர் நாடறிந்தது. வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்களின் சிறு கடன்களை அரசே தள்ளுபடி செய்ய 2018 இல் முன்வரவேண்டி இருந்தது. முதலிற் பாவித்த திரையொன்றை வாங்கி, உழைப்பில் மிஞ்சுவதைச் சேர்த்து ஓராண்டின் பின் நல்லதை வாங்கலாம். அப்பொழுதும் பழையதை விற்கவேண்டா. இரண்டாந் திரையாகப் பக்கத்தில் வைத்தால், மூலப்படிக்கு அது உதவும்.