சிறுதானியம் கொண்டுவரும் இளைஞர்களும் நமது கடைகளும்



நமது கடைகளுக்கு இப்போது இரண்டு விதமான இளைஞர்கள் வருகிறார்கள். ஒரு சாரார், "குதிரைவாலி இருக்கிறதா? தூயமல்லி அரிசி இருக்கிறதா? தீட்டாததா?" என்று கேட்டு வாங்க வருகிறார்கள். இன்னொரு சாரார், கையில் சாம்பிள் பொட்டலத்துடன் அதே சரக்கை விற்க வருகிறார்கள். முதல் சாராரிடம் "இல்லை" என்கிறோம். இரண்டாம் சாராரிடம் "வேண்டாம்" என்கிறோம். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வியாபாரம் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறோம்.

இந்த இளைஞர்கள் யார், இவர்கள் கேட்பதில் நியாயம் உண்டா, நம்மால் என்ன செய்ய முடியும் என்பதை நாம் அறிந்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

எங்கிருந்து தொடங்கியது?

இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். அவர் ஊர் ஊராக நடந்து பேசிய பேச்சு, விவசாயிகளைவிடப் படித்த பிள்ளைகளின் காதில்தான் அதிகம் விழுந்தது எனலாம். கரூர் மாவட்டம் கடவூரில் அவர் அமைத்த வானகம் பண்ணைக்கு இன்றும் இளைஞர்கள் பயிற்சிக்குப் போகிறார்கள்.

அவர் வழியில் வந்தவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு, 2018 டிசம்பரில் மறைந்தார். அவருடைய ஏற்பாடு நம்மைப் போன்ற வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. இரண்டு கிலோ விதை நெல் வாங்கிப் போகும் விவசாயி, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நமது கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூறு வட்டி. ஆனால் அந்த வட்டி யாருடைய பெட்டிக்கும் போகவில்லை. அடுத்த விவசாயியின் வயலுக்குப் போனது. மாப்பிள்ளைச் சம்பாவும், பூங்காரும், காட்டுயாணமும் மீண்டும் விற்பனைக்கு வந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்கள், வெளிநாட்டுக் குளிர்பானங்கள் வேண்டாம் என்றும் குரல் கொடுத்தார்கள். அதைக் கேட்டு, அந்த ஆண்டு மார்ச் 1 முதல் அவற்றை விற்பதில்லை என்று நமது வணிகர் அமைப்புகளே அறிவித்தன. தீர்மானம் எல்லாக் கடைகளிலும் நிலைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் பிள்ளைகள் சொன்னதை வணிகர்கள் காது கொடுத்துக் கேட்டது பெரிய செய்தி.

அதன்பின் இந்தியாவின் கோரிக்கையை ஏற்று, 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. இன்று தினையும் சாமையும் வரகும் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டா?

உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. நெல் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். சாமை, வரகு, குதிரைவாலி போன்றவை மானாவாரியில் மழையை நம்பியே விளைபவை. தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்து மீத்தேன் என்ற வாயு வெளியாகிப் பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது என்பதும் விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்ட உண்மை. நெல்லே வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. எல்லா நிலத்திலும் ஒரே பயிர், எல்லாத் தட்டிலும் ஒரே வெள்ளைச் சோறு என்று ஆனதைத்தான் அவர்கள் குறையாகச் சொல்கிறார்கள்.

உடல்நலத்தையும் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மிலேயே எத்தனை பேர் மாத்திரை போடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

நமது கிடங்கில் நடந்தது

சேலம் வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் என்ஜினீயரிங் படித்தவர். ஜவ்வாது மலை விவசாயிகளிடம் வாங்கி உமி நீக்கிய சாமை அரிசி, 30 கிலோ சிப்பம் 20 கொடுத்தார்கள். சித்திரையில் வந்த சரக்கைப் பொன்னி அரிசி மூட்டைகளோடு சேர்த்துச் சுவரோரம் அடுக்கினோம். கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. புரட்டாசியில் சில்லறைக் கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது. காறல் வாடை; சில சிப்பங்களில் புழு கூடு கட்டியிருந்தது.

"கெட்ட சரக்கைக் கொடுத்துவிட்டீர்கள்" என்று சொல்லி மீதிப் பணத்தை நிறுத்தி வைத்தோம்.

இருவரும் வந்தார்கள். சண்டை போடவில்லை. கிடங்கைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு ஒரு துணிப்பையிலிருந்து உமி நீக்காத சாமையை ஒரு கை அள்ளி வைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய விளைச்சல் என்றார்கள். கசக்கி ஊதி முகர்ந்து பார்த்தோம். எந்த வாடையும் இல்லை. "உமியோடு இருக்கும்வரை ஒன்றும் ஆகாது ஐயா. உமியை எடுத்த நாளிலிருந்துதான் அதன் ஆயுளை எண்ண வேண்டும்" என்றார் அவர்களில் ஒருவர்.

சுருக்கென்றது. நமது தகப்பனார் காலத்தில் சாமையை உமியோடுதான் மூட்டையில் வைத்திருப்போம். வாங்கிப் போனவர்கள் வீட்டில் குத்திக்கொண்டார்கள். நமது வீட்டு வழக்கமாக இருந்ததை, மலையேறிப் போய்க் கற்றுவந்த பிள்ளைகள் நமக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

பாக்கியை முழுவதும் தீர்த்தோம். அது தர்மம் அல்ல, கடன். ஆனால் இருவரில் ஒருவர் அடுத்த சில மாதங்களில் இந்தத் தொழிலை விட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். நாம் நிறுத்தி வைத்த பணமும் அதற்கு ஒரு காரணம் என்று மற்றவர் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்குத் தெரிந்தது.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

அந்த நஷ்டத்தில் நாம் கற்றதையும், இந்தச் சரக்கைப் பற்றித் தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறோம்.

1. உமி நீக்கிய சிறுதானியத்தில் எண்ணெய்ச் சத்துள்ள தவிடு ஒட்டியிருக்கும். அதனால் இரண்டு மூன்று மாதத்தில் காறத் தொடங்கும். ஒரு மாதத்தில் விற்கும் அளவே வாங்குங்கள். பொட்டலத்தில் உமி நீக்கிய தேதியைக் கேட்டுப் பாருங்கள். தீட்டாத அரிசிக்கும் இதே எச்சரிக்கை தேவை. கம்பு மாவு இன்னும் சீக்கிரம் கசந்துவிடும். அரைத்து அடுக்கி வைக்காதீர்கள்.

2. மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் கட்டை மேல் அடுக்குங்கள். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால்.

3. மழையில் நனைந்த வரகை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பூஞ்சை பிடித்த வரகு நஞ்சாகும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தபோது, அவை தின்ற வரகில் இத்தகைய நஞ்சு இருந்ததைப் பரிசோதனை காட்டியது.

4. வண்டுக்குப் பயந்து பாஸ்பைடு மாத்திரையை நாமே வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். உரிய அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது.

5. பளிச்சென்று வெளுத்த சாமைதான் நல்ல சாமை என்று வாடிக்கையாளர் நினைக்கலாம். அதிகம் தீட்டினால் நார்ச்சத்து தவிட்டோடு போய்விடும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

6. "இயற்கை விளைச்சல்" என்று நாமாக லேபிள் ஒட்டக் கூடாது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குச் சான்று வேண்டும். உரிய சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுபோலவே "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று எழுதி வைப்பதும் குற்றம். நாம் விற்பது உணவு, மருந்து அல்ல. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவருக்குத்தான் உண்டு.

7. 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, சிறுதானியங்களுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, நிறுத்துக் கொடுக்கும் சில்லறைச் சரக்குக்கு அந்த வரி இல்லை. நிறுத்துக் கொடுப்பது நமக்குப் பழகிய வேலை. 2019 முதல் பிளாஸ்டிக் பைக்கும் தடை இருப்பதால், பை கொண்டுவரும் வாடிக்கையாளருக்கு அதிலேயே அளந்து கொடுக்கலாம்.

8. இந்த இளைஞர்களிடம் அறுபது நாள், தொண்ணூறு நாள் கடன் சொல்லாதீர்கள். பெரிய கம்பெனிகள் நம்மிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு தருகின்றன, நாமும் கொடுக்கிறோம். கையில் முதல் இல்லாத பிள்ளைகளைக் காக்க வைப்பது என்ன நியாயம்? குறைந்த அளவு வாங்குங்கள், அன்றே பணம் கொடுங்கள்.

முடிவாக

நாம் வாங்காவிட்டால் இவர்கள் நின்றுவிடப் போவதில்லை. சந்தை போட்டும், செல்போன் வழியாகவும் நேராக வீடுகளுக்குக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். அதில் நமக்குப் போட்டி இல்லை, பொறாமையும் வேண்டாம். ஆனால் தெருமுனைக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோ வாங்கும் சாதாரணக் குடும்பத்துக்கு இந்தத் தானியம் போய்ச் சேர வேண்டுமானால், அது நமது தராசு வழியாகத்தான் போக முடியும். இல்லையென்றால் நல்ல சாப்பாடு வசதி உள்ளவர்களின் பண்டமாகவே நின்றுவிடும்.

எனவே அடுத்த முறை ஓர் இளைஞர் சாம்பிள் பொட்டலத்தோடு படியேறினால், "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார வையுங்கள். "எந்த ஊர் விளைச்சல், என்றைக்கு உமி நீக்கியது?" என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொன்னால் ஒரு சிப்பம் வாங்கிப் பாருங்கள். அந்த ஒரு சிப்பத்தில் நமக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. அந்தப் பிள்ளை தொழிலில் நிலைத்து நிற்க அது உதவக்கூடும்.