மல்பெரி: ஒரு கிளையிலிருந்து ஒரு மரம்

பலா, ஈரப்பலா, அத்தி ஆகியவற்றின் உறவு மரமே மல்பெரி. தமிழில் முசுக்கொட்டை என்பர். கிளையை முறித்தால் பலாவைப் போலவே பால் வடியும். பட்டுப்புழுவின் உணவு இதன் இலைதான்.

எங்கள் வளவில் நிற்கும் மல்பெரி மரத்தை, ராத்தாவுக்கு வீடு கட்டுவதற்காகத் தறிக்க வேண்டியுள்ளது. விதை போட்டால் போதாதா என நீங்கள் கேட்கலாம். விதையில் முளைப்பது தாய்மரத்தை ஒத்திருக்கும் என்பது நிச்சயமில்லை. அது காய்க்காத ஆண் மரமாகவும் அமையலாம். தண்டுத் துண்டத்திலிருந்து வளர்வதோ தாய்மரத்தின் அதே பரம்பரை அலகுகளைக் கொண்டது. ஆகவே அதே பழம் கிடைக்கும்.

பென்சில் அளவு தடிப்புள்ள முற்றிய கிளையைத் தெரிவு செய்யுங்கள். பச்சை நுனி வேண்டாம். 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளத்தில், மூன்று நான்கு அரும்புகள் இருக்குமாறு வெட்டுங்கள். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாகவும் மேற்பக்கத்தை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிட மாட்டோம். நீரிழப்பைக் குறைக்க இலைகளை அகற்றுங்கள். துளையிட்ட பொலித்தீன் பையில் மேல்மண், மணல், கூட்டுப்பசளை மூன்றையும் சம அளவில் நிரப்பி, துண்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுள் இருக்குமாறு நடுங்கள். பையை நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது.

சில வாரங்களில் தளிர் வரும். இங்குதான் பொறுமை வேண்டும். முதல் இலைகள் தண்டில் சேமிக்கப்பட்டுள்ள மாப்பொருளைக் கொண்டே விரிகின்றன. இலை வந்ததால் வேர் வந்துவிட்டது என்று பொருளல்ல. இழுத்துப் பார்த்தால் அரும்பும் இளவேர் அறுந்துவிடும். ஏறத்தாழ மூன்று மாதங்கள் பையிலேயே விடுங்கள்.

எங்கள் பகுதியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது நிலத்தில் நடுவது நல்லது. ஆகவே ஜூலையிலேயே துண்டங்களைத் தயார் செய்ய வேண்டும். குழி 45 சென்ரிமீற்றர் நீள, அகல, ஆழம் கொண்டதாக இருக்கட்டும். வெயில் படும் இடமே உகந்தது. சுவரருகிலும், பழச்சாறு கறைபடுத்துமாதலால் உடுப்புக் காயப்போடும் கொடியருகிலும் நடாதீர்கள். அடியில் பொச்சுமட்டை பரப்பினால் ஈரம் நிற்கும். ஆடுகளுக்கு இந்த இலை மிகவும் விருப்பம். எனவே வேலி அவசியம்.

புதிதாக வரும் கிளைகளிலேயே பழம் பிடிக்கும். அதனால் பழம் ஓய்ந்ததும் கிளைகளைக் கத்தரித்து விடுங்கள்.

ஒரு மரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கன்றுகளை இலகுவாக உருவாக்கலாம். ஒன்றை நமக்கு வைத்து மற்றவற்றை அயலவருக்குக் கொடுப்போம். நாம் நட்ட மரத்தில் மனிதர் உண்டாலும் பறவை உண்டாலும் அது நமக்கு ஸதகா அல்லவா!