உளவாளி போனால் போகட்டும், உற்ற தோழி போதும்!

"அம்மா, இந்தப் படத்தைப் பாரேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்" என்று போன வாரம் என் பெண் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். துப்பாக்கி, துரத்தல், உளவாளி என்றாலே எனக்கு அலர்ஜி. அடுப்படியில் தலைக்கு மேல் வேலை வேறு. இருந்தாலும் ஆசையாகக் கூப்பிடுகிறாளே என்று உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. பார்த்து முடித்த பிறகு சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இரண்டையும் உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது!

படத்தின் பெயர் 'தி ஸ்பை ஹூ டம்ப்ட் மீ'. 2018-ல் வந்த அமெரிக்கப் படம். 'என்னைக் கைவிட்ட உளவாளி' என்று நம் பாஷையில் சொல்லலாம். 1977-ல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படமான 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ'யின் பெயரைத்தான் கேலியாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். டைரக்டர் சூஸானா ஃபோகல் ஒரு பெண்மணி. டேவிட் ஐஸர்ஸனுடன் சேர்ந்து கதையையும் அவரே எழுதியிருக்கிறார்.

கதை என்ன?

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடையில் வேலை பார்க்கும் சாதாரணப் பெண் ஆட்ரி (மீலா கூனிஸ்). அவளுடைய காதலன் ட்ரூ, நேரில் முகம் பார்த்துக்கூடச் சொல்லாமல், செல்போனில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி உறவை முறித்துக் கொள்கிறான். ஐயோ பாவம், அழுது கொண்டிருக்கிறாள். அவளைத் தேற்ற ஒருத்தி வருகிறாள். அவள்தான் உயிர்த்தோழி மார்கன் (கேட் மக்கின்னன்). "அவன் சாமான்களை எல்லாம் கொளுத்திப் போடு" என்பதுதான் அவள் சொல்லும் வைத்தியம்!

அப்புறம்தான் தெரிகிறது, அந்த ட்ரூ அமெரிக்க சி.ஐ.ஏ. உளவாளி என்று. அவன் விட்டுப் போன ஒரு கோப்பையை வியன்னாவில் ஒரு காபி ஹோட்டலில் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பு ஆட்ரியின் தலையில் விழுகிறது. இரண்டு பெண்களும் கிளம்பி விடுகிறார்கள். வியன்னா, ப்ராக், பாரிஸ், பெர்லின் என்று ஊர் ஊராக ஓட்டம். பின்னாலேயே கொலைகாரர்கள்.

எது பிடித்தது?

இந்த மாதிரி ஜோடி உளவாளிக் கதைகள் புதிதல்ல. 1985-ல் 'ஸ்பைஸ் லைக் அஸ்' என்று ஒரு படம் வந்தது. அதில் செவி சேஸ், டான் அய்க்ராய்ட் என்று இரண்டு ஆண்கள். பெரும்பாலும் ஜோடி என்றால் ஆண்கள்தான். பெண் வந்தால் அலங்காரத்துக்கு, அல்லது காப்பாற்றப்படுவதற்கு. இங்கே காப்பாற்றுகிறவர்களும் பெண்கள், சொதப்புகிறவர்களும் அதே பெண்கள்.

அவர்கள் வீராங்கனைகள் இல்லை என்பதுதான் ருசியே. தப்பிக்க ஒரு காரைப் பிடிக்கிறார்கள். பார்த்தால் அது கையால் கியர் மாற்றும் வண்டி; இருவருக்குமே ஓட்டத் தெரியாது! அமெரிக்காவில் பெரும்பாலோர் ஓட்டுவது தானாக கியர் மாறும் வண்டியல்லவா? உயிர் போகிற நேரத்தில் இப்படி முழித்தால் எப்படி இருக்கும்! உலக ரகசியம் கையில் இருக்கும்போது மார்கன் தன் அம்மாவுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் ஒப்பிக்கிறாள். நாம் மட்டும் என்ன, ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் அம்மாவைத்தானே கூப்பிடுவோம்?

கடைசியில் பெர்லினில் சர்க்கஸ் நடக்கும் இடத்தில், ஊஞ்சல் கம்பியில் தொங்கிக் கொண்டு மார்கன் போடும் சண்டையைப் பார்த்து நானும் என் பெண்ணும் கை தட்டினோம்.

ஆனால் என் மனதைத் தொட்டது வேறு. மார்கன் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவள், எதையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறவள். "நீ கொஞ்சம் ஓவர்" என்று ட்ரூ சொன்ன ஒரு வார்த்தை அவள் மனதில் முள்ளாகத் தைத்து விடுகிறது. சிரிப்புப் படத்தில் அந்த ஒரு வலி உண்மையானது. வாயாடி, அடங்காதவள் என்று பேர் வாங்கிய எத்தனை பெண்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள்! அவளை அப்படியே ஏற்றுக்கொள்கிறவள் ஆட்ரிதான். காதலனுக்குப் பாரமாக இருந்த அதே குணம்தான் தோழியின் உயிரைக் காப்பாற்றுகிறது.

எது பிடிக்கவில்லை?

முதலாவது, ரத்தம். வியன்னா ஹோட்டலில் சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே ஆட்கள் பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள். பாவம், இவர்களை ஏற்றிக் கொண்டு போன வாடகைக் கார் டிரைவர் பையன் குண்டடி பட்டுச் சாகிறான். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. படமோ அடுத்த ஜோக்குக்குப் போய்விடுகிறது. சிரிக்க வைத்த கையோடு கொலையைக் காட்டினால், சிரிப்பும் ஒட்டாது, பயமும் ஒட்டாது.

இரண்டாவது, கதை முடிச்சு. அந்தக் கோப்பைக்குள் இருக்கும் தகவலுக்காக எல்லோரும் ஏன் அடித்துக் கொள்கிறார்கள் என்பது சரியாக மனதில் பதியவில்லை. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று மாற்றி மாற்றிச் சொல்லி, ஒரு கட்டத்தில் "யாராய் இருந்தால் என்ன" என்று தோன்றிவிட்டது. ஜிலியன் ஆண்டர்ஸன் மாதிரி நல்ல நடிகையை உளவுத்துறை மேலதிகாரியாகப் போட்டுவிட்டு, வேலையே கொடுக்கவில்லை.

மூன்றாவது, கொச்சைப் பேச்சு. அமெரிக்காவிலேயே இதற்கு 'ஆர்' சான்றிதழ். பதினேழு வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டரில் பார்க்க முடியும். 'காமெடிப் படம்தானே' என்று நினைத்துச் சின்னக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு போட்டுவிடாதீர்கள். அவர்கள் தூங்கிய பிறகு பாருங்கள். வளர்ந்த பெண் இருந்தால் சேர்ந்து பாருங்கள், பேச நிறைய விஷயம் கிடைக்கும்.

பார்த்த பிறகு...

படம் முடிந்ததும் என் பெண் கேட்டாள்: "உனக்கு இப்படி ஒரு ஃப்ரெண்டு இருந்தாளாம்மா?"

இருந்தாள். ஸ்கூலில் ஒரே பெஞ்ச். என் கல்யாணத்தில் என்னைவிட அதிகமாக அழுதவள். அப்புறம் அவரவர் குடும்பம், குழந்தை, மாமியார் உடம்பு என்று ஓடியதில், பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை, நேரம்தான் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக் கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் படம் பார்க்க நேரம் இருந்ததே?

மறுநாள் அவள் அண்ணாவிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஏண்டி, உயிரோடதான் இருக்கியா?"

குக்கர் விசில் அடித்துக் கொண்டே இருந்தது. அன்றைக்குப் பருப்பு குழைந்து கூழாகிவிட்டது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை!